நர்ஸ் ஒப்பந்தத்தில் 'வேறு ஆஸ்பத்திரிக்குப் போகாதே' என்று எழுதலாமா?

வேலூரை ஒட்டிய காட்பாடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் நிர்வாகம் என் பொறுப்பு. நர்ஸ்களுக்கான ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். சம்பளம், ஷிப்ட், லீவு பற்றிய பகுதிகளை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

முதல் வேலை, அழிப்பது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. 'வேலையை விட்டு ஓராண்டுக்கு இத்தனை மைல் சுற்றளவில் எங்கும் சேரக் கூடாது' என்று இருக்கும். இங்கே அது எடுபடாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் 2006இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்றது. சி.எம்.சி. மாதிரி பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் நர்ஸைப் பேப்பரால் கட்டிப்போட நினைப்பதே வேடிக்கைதான்.

வேலையில் இருக்கும் காலத்துக்குத் தடை போடலாம். 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்குத் துணை. நான் எழுதியது: 'பணிக்காலத்தில் எழுத்துமூல அனுமதியின்றி வேறு மருத்துவமனையிலோ வீட்டு நர்சிங்கிலோ ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது.' 'ஊதியத்துக்கு' முக்கியம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பி.பி. பார்ப்பதைத் தடுக்க நமக்கென்ன உரிமை?

என்னை ரொம்பப் படுத்தியது பாண்ட் தொகை, அதாவது ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன்பே வேலையை விட்டால் நர்ஸ் தரவேண்டிய பணம். 'இடையில் போனால் ஒரு லட்சம்' என்று எழுதிவைத்தால் போதாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74 படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதனால் உண்மையில் செலவழித்ததை மட்டும் எழுதுங்கள். டயாலிசிஸ் பயிற்சிக்கு அனுப்ப, கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து 36,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருட பாண்ட் என்றால் மாதம் 1,500 கழியும். பத்தாம் மாதம் முடிந்து போகிறவர் 21,000 தருவார். ரசீதுகளை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். 2025இல் விஜயா வங்கி வழக்கில் 2 லட்சம் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். அது பொதுத்துறை வங்கி மேலாளர் விஷயம். நர்ஸ் சம்பளத்துக்கு அந்தத் தொகையைக் காப்பியடிக்காதீர்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டிவைக்கவே வேண்டாம். சரிபார்த்து, நகல் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுங்கள்.

நோயாளி ரகசியத்துக்குத் தனி ஷரத்து. இது வேலையை விட்ட பிறகும் தொடரலாம். கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிகளின் போன் நம்பர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை இதுதான் தடுக்கும்.

டைப் செய்ய யூனிகோட் மட்டும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி ஃபாண்டில் அடித்த ஃபைல், அந்த ஃபாண்ட் இல்லாத வக்கீல் கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதினால் முரண் வரும்போது எது செல்லும் என்றும் ஒரு வரி வேண்டும். கையெழுத்துக்கு முன் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: நிர்வாகமே வேலையை விட்டு அனுப்பினால் பாண்ட் தொகை உண்டா என்று பலர் கேட்கிறார்கள். 'நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் தொகை கேட்கப்படாது' என்று நான் சேர்த்துவிட்டேன்.