பிளவுபட்ட மனம் ஒருமுகப்பட்ட விதம்: என் அனுபவம்

பணி உயர்வு, சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை ஒருசேர நெருக்கிய ஆண்டுகளில், முழங்காற்படியிட்ட சற்று நேரத்திலேயே என் மனம் கடன் தவணையை எண்ணத் தொடங்கிவிடும். இவற்றில் எதுவும் தன்னில் தீயதல்ல. அதனாலேயே அவை தேவனுக்குரிய இடத்தை எடுத்துக்கொள்வது எளிதில் தெரிவதில்லை. கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி கண்டித்த இஸ்ரவேல் ஜனங்களும் கர்த்தரை ஒரேயடியாக மறுத்தவர்கள் அல்லர். பாகால் என்ற அந்நிய தெய்வத்தையும் விடாமல் இரண்டு நினைவுகளோடு நடந்தவர்கள் (1 இராஜாக்கள் 18:21).

ஆசைகளை அடக்கிவிட்டு ஜெபிக்கும் முயற்சி எனக்குப் பலன் தரவில்லை. சங்கீதம் 86:11தான் வழிகாட்டியது. “என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்” என்று தாவீது வேண்டுகிறார். அதைத் தாமே செய்துமுடிப்பதாக அவர் சொல்லவில்லை. ஆகவே, காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் அந்த வசனத்தைச் சொல்லி, அன்று என்னை அதிகமாக இழுக்கும் ஆசை எதுவோ அதைப் பெயர் சொல்லி தேவனுக்கு முன் வைத்து, “ஆண்டவரே, இது கிடைக்காவிட்டாலும் நீர் எனக்குப் போதும்” என்று ஜெபிக்கத் தொடங்கினேன். சில நாட்களில் அதை மனதாரச் சொல்ல இயலாது. அப்போது அந்த இயலாமையையே அவரிடம் சொல்வேன். அதுவும் உண்மையான ஜெபம் என்றே நம்புகிறேன்.

பண ஆசைக்கு ஜெபத்தோடு ஒரு செயலும் தேவைப்பட்டது. சம்பளம் வந்தவுடன், வேறெந்தக் கணக்கும் பார்க்குமுன், காணிக்கையைத் தனியே எடுத்துவைக்கிறேன். இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது என்ற மத்தேயு 6:24, எனக்கு அந்த வேளையில்தான் மிகத் தெளிவாகக் கேட்கிறது.

தொடங்க விரும்புவோர் எல்லா ஆசைகளையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐசுவரியவான் ஒருவனிடம் இயேசு சுட்டிக்காட்டியதும் ஒரே குறைவைத்தான் (மாற்கு 10:21).