பழைய குஷன் நாற்காலிக்குத் துணி மாற்றாமல் பெயிண்ட் அடிப்பது எப்படி

துணிக்குப் போய் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா என்றுதான் முதலில் கேட்பீங்க. நியாயம்தான். கரூரில் திரைத்துணியும் சென்னிமலையில் போர்வையும் தறியிலிருந்து இறங்கும் ஊர்க்காரர்கள் நாம், புதுத் துணிக்கா பஞ்சம்? அதனால் துணி கிழிந்திருந்தாலோ உள்ளே ஸ்பாஞ்ச் அமுங்கிப் போயிருந்தாலோ பேசாமல் குஷன் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், பெயிண்ட் அதைச் சரி பண்ணாது. துணி கெட்டியாக இருந்து நிறம் மட்டும் வெளுத்தோ கறை பிடித்தோ கிடந்தால்தான் இந்த வேலை.

எல்லாத் துணிக்கும் ஆகாது. நெருக்கமாக நெய்த பருத்தி, கேன்வாஸ் மாதிரித் துணி என்றால் நன்றாகப் பிடிக்கும். வெல்வெட்டில் முடி எல்லாம் ஒட்டி விறைத்துவிடும். ரெக்சினில் இந்த முறையில் அடித்தால் உட்கார்ந்து எழ எழ உரியும். சந்தேகமாக இருந்தால் துணிமேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஊறினால் அடிக்கலாம், உருண்டு ஓடினால் விட்டுவிடலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, இருக்கிற நிறத்தைவிட அடர்த்தியாக எடுங்கள். மெரூன் சீட்டை வெள்ளையாக்கப் பார்த்தால் எத்தனை கோட் அடித்தாலும் அடியில் சிவப்பு எட்டிப் பார்க்கும். பூப்போட்ட துணியும் அப்படித்தான்.

வாங்க வேண்டியது அக்ரிலிக் பெயிண்ட், இல்லையென்றால் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன், கூடவே துணிக்கான மீடியம். ஓவியப் பொருள் விற்கும் கடையில் ஃபேப்ரிக் மீடியம் என்று கேட்டால் தருவார்கள். துணி விறைக்காமல் வளைந்து கொடுக்க வைப்பது அதுதான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு மீடியம், பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. பிறகு தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கரையுங்கள்.

அடிப்பதற்கு முந்தின நாளே தூசியை வேக்குவம் வைத்தோ பிரஷ்ஷாலோ எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் பெயிண்ட் நிற்காது, தலை சாய்கிற இடத்தைக் கவனித்துத் துடைக்க வேண்டும், நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாத தலை ஏது! மரக்கால், ஆணிக் குமிழ் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கொஞ்சம் அடித்துக் காய்ந்தபின் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது.

இனி முக்கியமான விஷயம், துணியை ஈரமாக்காமல் பிரஷ்ஷை வைக்கவே கூடாது. காய்ந்த துணி பெயிண்டை வைத்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும், திட்டுத்திட்டாகக் கெட்டியாகிவிடும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் சொட்டாத அளவு நனைத்து, பெயிண்டைத் தொட்டு நூல் இழைக்குள் போகிற மாதிரி நன்றாகத் தேய்த்து அடியுங்கள், பைப்பிங் ஓரத்துக்கு, அதாவது தையல் விளிம்பில் கயிறு மாதிரி ஓடுகிற பட்டிக்கு, சின்ன பிரஷ். முதல் கோட் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மேலே மேலே அப்பினால்தான் காரியம் கெடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நைஸான உப்புத்தாளால், 220 நம்பரோ அதற்கு மேலோ, லேசாகத் தடவி சொரசொரப்பை எடுத்து, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த கோட். இரண்டு மூன்று மெல்லிய கோட் போதும்.

ஆடிக்காற்று அடிக்கிற நாளில் திண்ணையில் வைத்து அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சுற்றுவதோடு நிற்காது, புழுதியை அள்ளி ஈரப் பெயிண்டில் ஒட்டிவிட்டுப் போகும். ஜன்னல் திறந்த அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலிலும் வேண்டாம், நனைத்த துணி அடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

எல்லாம் காய்ந்தபின் மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, மீடியம் பாட்டிலில் சொன்னபடி அயர்ன் பண்ணினால் நிறம் நிற்கும். உள்ளே ஸ்பாஞ்ச் இருப்பதால் சூட்டைக் குறைத்து, ஒரே இடத்தில் வைக்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் நாலைந்து நாள் யாரையும் உட்கார விடாதீர்கள்.

எவ்வளவு நன்றாக அடித்தாலும் துணி முன்பு போல மெத்தென்று இருக்காது, கொஞ்சம் கேன்வாஸ் மாதிரித்தான் இருக்கும். அதனால் குடும்பமே விழுந்து புரளும் ஹால் சோபாவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், டைனிங் சேர், மூலையில் கிடக்கும் ஒற்றை நாற்காலி, ஸ்டூல் இவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம். காபி கொட்டினால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மிச்சக் கலவையை மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி வையுங்கள், கை வைக்கிற இடம்தான் முதலில் தேயும், அப்போது தொட்டுவிட உதவும்.