ஜான் கிளேரும் நாட்டுப்பாடலும்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1820இல் வெளிவந்த ஆங்கிலக் கவிஞர் ஜான் கிளேரின் முதல் கவிதைத் தொகுப்பு, அவரை "நார்தாம்ப்டன்ஷயர் குடியானவர்" என்று முகப்பிலேயே அறிமுகப்படுத்தியது. அந்தப் பட்டத்தை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. படிப்பு வாசனையே இல்லாத ஒருவரின் வாயில் பாட்டுத் தானாக ஊறியது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது. 13 வயதிலேயே கவிஞர் ஜேம்ஸ் தாம்சனின் 'பருவங்கள்' நூலை ஆசைப்பட்டு வாங்கியவர் கிளேர்.

பாட்டு அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் கதிரடித்துப் பிழைத்த அப்பா பார்க்கர் கிளேருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கதைப்பாடல்கள் மனப்பாடம். மதுக்கடையில் நண்பர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். மகன் ஜிப்ஸிகளோடு பழகி, காதால் கேட்டே பிடில் வாசிக்கப் பழகினார்.

அடுத்த தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கிளேர் எழுதிவைத்த பாடல்களை, ஊரார் பாடியதன் அச்சுப் பிரதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கில நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் சிசில் ஷார்ப் பாடல் சேகரிக்கக் கிளம்பியது 1903இல். கிளேர் இறந்தது 1864இல். கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும் என்ற சேகரிப்பாளரின் கட்டுப்பாடு எதுவும் கிளேருக்கு இல்லை. வரி சிதைந்திருந்தால் சரிசெய்வார், விடுபட்ட இடத்தில் தாமே இட்டுக்கட்டுவார். அதற்காக அவற்றைப் போலி என்று தள்ளுவதும் அநியாயம். மறந்த அடியைத் தன் சொல்லால் நிரப்பாத நாட்டுப்பாடகர் எங்கே இருக்கிறார்? பாட்டு இத்தனை தலைமுறை பிழைத்ததே அப்படித்தான். எந்த வரி ஊருடையது, எது கிளேருடையது என்று பிரிக்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

சொல்லை மட்டும் படித்து மெட்டை மறப்பது இன்னொரு தவறு. இருநூறுக்கும் மேற்பட்ட பிடில் மெட்டுகளைத் தம் கையால் இரண்டு நோட்டுகளில் எழுதிவைத்தவர் அவர். அவற்றில் பெரும்பாலானவை ஆட்டத்துக்கான மெட்டுகள்.

1809ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஹெல்ப்ஸ்டனின் பொது நிலங்கள் தனியார் வேலிக்குள் போனதை அறியாமல், அவருடைய பாடல்களின் சோகத்தை வெறும் பழைய நினைவு ஏக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை நார்தாம்ப்டன் மனநல விடுதியில் கழித்தார். அங்கே எழுதிய ஏராளமான இசைப்பாடல்களை நோயின் புலம்பல் என்று ஒதுக்குகிறார்கள். ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள்; இரண்டாம் அடி வருவதற்குள் கால் தாளம் போடத் தொடங்கிவிடும்.