எந்நேரமும் பிளக்கில் இருக்கும் மடிக்கணினி: பேட்டரியைக் காப்பது எப்படி?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். காலையில் மடிக்கணினியைப் பிளக்கில் சொருகினால் இரவு வரை அது அப்படியே கிடக்கும். "இப்படிப் போட்டே வைத்தால் பேட்டரி போய்விடாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். பிளக்கில் இருப்பதால் பேட்டரி கெடுவதில்லை. நூறு சதவீதத்திலேயே நாள் முழுக்க நிற்பதாலும் சூட்டாலும்தான் கெடுகிறது. இந்த இரண்டையும் அடக்கிவிட்டால் பிளக்கைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. என் கணினியிலும் நண்பர்களின் கணினிகளிலும் நான் செய்த முறையை எழுதுகிறேன்.

காரணம் எளியது. லித்தியம் அயனி செல் முழுதாக நிறையும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ட் இருக்கும். அந்த உச்சத்தில் நெடுநேரம் நின்றால் உள்ளே வேதிமாற்றங்கள் நடந்து கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சூடும் சேர்ந்தால் சரிவு வேகமாகும். மற்றபடி, நிறைந்ததும் சார்ஜ் தானாகவே நின்றுவிடும் என்பதால் அளவுக்கு மீறி ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சுத்தமாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன அறிவுரை. லித்தியத்துக்கு அது கெடுதல்தான் செய்யும்.

படி 1: பேட்டரியின் இப்போதைய நிலை

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'பேட்டரிரிப்போர்ட்' என்ற சேர்ப்புடன் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியும் ஒரு சாய்கோடும் வர வேண்டும் (powercfg /batteryreport). அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்பதைத் திரையிலேயே காட்டும். அதை பிரவுசரில் திறந்து 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் இருந்த கொள்ளளவு), 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இப்போது முழுதாக ஏறும் அளவு) என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். முதலாவது 45,000, இரண்டாவது 38,000 என்றால் பேட்டரியில் 84 சதவீதம் மிச்சம் இருக்கிறது. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

படி 2: 80 சதவீதத்தில் வரம்பு

சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்படி வரம்பு வைக்க வேண்டும். லெனோவோவில் இதற்கு 'வான்டேஜ்' செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கும். ஆசஸில் 'மைஆசஸ்' செயலிக்குள் பேட்டரிப் பகுதியில் 80 என்ற தேர்வு கிடைக்கும். டெல்லிலும் எச்.பி.யிலும் பல மாடல்களில் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) இதற்கான அமைப்பு உண்டு. கணினி தொடங்கும்போது டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10 பொத்தானை அழுத்தி உள்ளே போகலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள், கணினி இடம் கொடுத்தால், டி.எல்.பி. (TLP) என்ற மென்பொருளில் வரம்பை வைக்கலாம்.

பயாஸில் வரம்பு வைக்க வழியிருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் பயாஸ் அமைப்பு அப்படியே இருக்கும். செயலியில் வைத்தவர்கள், செயலி நீங்கிவிட்டால் வரம்பும் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'பேட்டரி டாக்டர்' வகைச் செயலிகளை நிறுவாதீர்கள். 80 ஆனதும் மணி அடிப்பதைத் தவிர அவற்றில் பெரும்பாலானவற்றால் எதுவும் செய்ய முடியாது. சார்ஜை நிறுத்துவது கணினிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் வேலை.

படி 3: வைத்த வரம்பு வேலை செய்யவில்லையா?

பலரும் தடுமாறுவது இங்கேதான். நானும் இங்கேதான் நெடுநேரம் நின்றேன். வரம்பை 80 என்று வைத்தாயிற்று, சேமித்தாயிற்று, கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. பேட்டரி இன்னும் 100 என்றே காட்டுகிறது. ஒரு நாள் கழித்தும் அதே 100. அமைப்பு பழுது என்று நினைத்து, செயலியை நீக்கி மறுபடி நிறுவத் தோன்றும்.

ஒன்றும் பழுதில்லை. வரம்பு, சார்ஜ் ஏறுவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே ஏறியதைப் பல மடிக்கணினிகளில் இறக்காது. பிளக்கில் இருக்கும்வரை கணினி அடாப்டர் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரியில் கை வைக்காது, 100 அப்படியே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு 70 அல்லது 75 வரை இறங்கும்படி வேலை பாருங்கள். பிறகு சொருகினால் 80 வந்ததும் நின்றுவிடும். பேட்டரிச் சின்னத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் 'பிளக் செய்யப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நமக்கு வேண்டியது அதுதான்.

படி 4: சூடு

சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் தன் பயனர்களை எச்சரிக்கிறது. பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. மொட்டைமாடியில் தகரம் போட்ட அறையில் மேசை போட்டவர்கள் சித்திரை மாதத்தில் இடம் மாறித்தான் ஆக வேண்டும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபடும். மரப்பலகை ஒன்று போதும். குளிர்விக்கும் ஸ்டாண்டுக்குப் பணம் செலவழிக்கும் முன்பு காற்றாடியில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

படி 5: மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. குலசேகரம் பக்கம் காற்றடித்து ரப்பர் கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனவே வரம்பை விடாப்பிடியாக வைத்திருக்க வேண்டாம். பராமரிப்புப் பணிக்காக நாளை மின்தடை என்று செய்தித்தாளில் பார்த்தால், அன்றிரவு மட்டும் வரம்பை நீக்கி முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது 100 போவதால் கேடில்லை, அங்கேயே குடியிருப்பதுதான் கேடு.

இடி மின்னல் நேரத்தில் மட்டும் அடாப்டரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டும் பழக்கம் பழைய மாடல் வைத்திருக்கும் சிலரிடம் உண்டு. நம் ஊர் மின்தடைக்கு அது ஒத்துவராது. கரண்ட் போன நொடியில் சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும்.

பிற்சேர்க்கை

இரண்டு கேள்விகள் வந்தன. டச்பேட் லேசாக மேலெழும்பி, அழுத்தினால் 'கிளிக்' சத்தம் வருவதில்லை என்றார் ஒருவர். அது பேட்டரி உப்பியதன் அடையாளமாக இருக்கலாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்திச் சரிசெய்யவோ குத்தவோ கூடாது, சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் இன்னொருவர், குளச்சல் வீட்டில் மடிக்கணினியை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். போகலாம். 50 சதவீதம் அளவில் வைத்து, ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்து, கடற்காற்று படாத அலமாரிக்குள் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பவர்கள் எடுத்து மறுபடி 50 வரை ஏற்றிவைத்தால் போதும்.