மூன்று நாள் அலைக்கழித்த சோடியம்-24

தங்கத் தகட்டின் மேல் அதிக ஆற்றல் புரோட்டான்களை மோதவிட்டு, சிதறி வரும் அணுக்கருத் துண்டுகளில் சோடியம்-24 என்ற கதிரியக்கச் சோடியம் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தோம். துண்டுகளைப் பிடிக்கத் தகட்டின் முன்னும் பின்னும் அலுமினியத் தாள்கள். மோதலில் கிடைக்கும் உந்தத்தால் முன்பக்கத் தாளில்தான், அதாவது புரோட்டான்கள் போகும் திசையில் உள்ள தாளில்தான், அதிகம் விழ வேண்டும். எங்களுக்கோ இரண்டும் கிட்டத்தட்ட சமம், அதுவும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு.

முதலில் காமா கதிர்களை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டர் மேல் சந்தேகம். அளவு தெரிந்த யூரோப்பியம்-152 கதிர்மூலத்தை வைத்து அதன் கண்டறியும் திறனை மறுபடி அளந்தேன், சரியாகவே இருந்தது. வேறு தனிமத்தின் கோடு கலந்திருக்குமோ என்று, சோடியம்-24 வெளியிடும் 1369 கேஇவி ஆற்றல் காமா கோட்டின் தேய்வைப் பின்தொடர்ந்தேன். அரை ஆயுள் 15 மணி நேரம், அசல் சோடியம்-24 தான். இதுதான் என்னை மேலும் குழப்பியது.

அப்புறம் பிடிப்புத் தாளுக்கு வெளியே இன்னொரு அலுமினியத் தாளை வைத்தேன். துண்டுகள் முதல் தாளிலேயே நின்றுவிடும், வெளித்தாளுக்கு வராது. ஆனால் அதிலும் அதே கோடு, ஏறக்குறைய அதே உயரம்! புரோட்டான் கற்றை தாளையும் துளைத்துச் செல்வதால் அலுமினியம்-27 தானே சோடியம்-24 ஆக மாறியிருக்கிறது. கற்றையின் அளவை அறியவே இந்த வினையைப் பயன்படுத்துகிறோம், அதை இங்கே யோசிக்கவில்லை.

தாள்களை மைலார் என்ற பிளாஸ்டிக்குக்கு மாற்றினேன். அதிலுள்ள கார்பனும் ஆக்சிஜனும் சோடியத்தைவிட லேசானவை, சோடியம்-24 உண்டாக வழியில்லை. முன்பக்கம் தெளிவாக அதிகமானது, பெரிய நிம்மதி. ஆனால் பெரிலியம்-7 என்ற இன்னொரு கதிரியக்கத் துண்டை அளக்க மைலார் ஆகாது, கார்பனிலிருந்தே அது வந்துவிடும்.