கீழ்ப் படுக்கை, வெந்நீர், நிற்கும் நிமிடம்

நாள் கணக்கில் ஓடும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது என்றுதான் என்னிடம் கேட்பார்கள். கழிப்பறைக் கதவு இரவெல்லாம் தலைமாட்டில் டமார் டமாரென்று அடித்தால் எந்த ஜன்னலும் ருசிக்காது. முதலில் படுக்கை எண்ணைப் பாருங்கள்.

மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் 9,288 கிலோமீட்டர். இடையில் இறங்காமல் போனால் ஏறக்குறைய ஒரு வாரம். நானும் தங்கையும் போனது பிளாட்ஸ்கார்ட் என்ற மூன்றாம் வகுப்பில். அறைக்கு அறை கதவு கிடையாது. திறந்த பெட்டியில் 54 படுக்கை. ஒற்றைப்படை எண் கீழே, இரட்டைப்படை மேலே. 37 முதல் 54 வரை நடைபாதையை ஒட்டிய பக்கவாட்டுப் படுக்கைகள். அங்கே கீழே இருப்பவர் மேசையை மடித்துப் போட்டால்தான் படுக்க முடியும். 37-ம் 38-ம் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று நான் பாய்ந்து எடுத்தது அந்த இரண்டையும்தான். முழங்கால் வலிக்காரி என்பதால் கீழ்ப் படுக்கை எனக்கு. தங்கை மேலே ஏறிப் படுத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெந்நீர்க் கவலை மட்டும் இல்லை. பெட்டியின் ஒரு முனையில் கொதிகலன் இருக்கும். இராப்பகலாகக் கொதிநீர், காசு கிடையாது. உடனடி நூடுல்ஸ், ஓட்ஸ், சூட்டைத் தாங்கும் ஒரு தம்ளர், இவ்வளவு இருந்தால் வயிறு பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குப் பொறுப்பான பெண் ஊழியரிடம் (அங்கே ப்ரவத்னீத்ஸா என்பார்கள்) கேட்டால், கண்ணாடித் தம்ளரை வேலைப்பாடு செய்த உலோகப் பிடியில் செருகித் தருவார். ரயில் வேகம் எடுத்ததும் அதில் கிடக்கும் கரண்டி கிணுகிணுவென்று ஆரம்பிக்கும். முதல் இரவு அது சங்கீதம். மூன்றாம் இரவு தங்கை மேலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் கரண்டியை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பெட்டியில் ராணி ப்ரவத்னீத்ஸாதான். டிக்கெட் பார்ப்பது, விரிப்பு தருவது, நடைபாதையைக் கூட்டுவது, உங்கள் ஊர் வருமுன் எழுப்பிவிடுவது எல்லாம் அவரே. நிறுத்தங்களின் பட்டியல் சுவரில் இருக்கும். எங்கே எத்தனை நிமிடம் என்று அதில் பார்க்கலாம். ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். தாமதமாக வரும் வண்டி, விட்ட நேரத்தை நிறுத்தத்தில்தான் பிடிக்கும். 23 நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் நான் செருப்போடு ரொட்டி வாங்க இறங்கி, சில்லறைக்குக் காத்து நின்றேன். "அக்கா, எல்லாரும் ஏறிட்டாங்க!" என்று தங்கை கத்தினாள். ஓடி வந்து ஏறிய பிறகு ராணியம்மா திட்டிய திட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை, அர்த்தம் முழுக்கப் புரிந்தது. அதற்குப் பிறகு இறங்குமுன் கடிகாரத்தைக் காட்டி, விரல்களை விரித்துக் கேட்டுக்கொள்வேன். அவரும் விரலிலேயே பதில் சொல்வார்.

இன்னொன்று. 2018 ஆகஸ்ட் வரை ரஷ்யாவின் நெடுந்தூர ரயில்கள் மாஸ்கோ நேரத்தில் ஓடின. இப்போது டிக்கெட்டில் உள்ளூர் நேரம். பழைய பயணக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஏழு மணி நேரம் வரை பிசகும்.

ஜப்பானில் இந்தக் கவலையே வராது, அங்கே வேறு கவலை. டோக்கியோவிலிருந்து கிளம்பும் சன்ரைஸ் இரவு ரயில் ஒகயாமாவில் இரண்டாகப் பிரியும்; ஒரு பாதி தகமாட்சுவுக்கு, மறு பாதி இசுமோவுக்கு. நண்பரைப் பார்க்க அடுத்த பெட்டிக்குப் போய் அங்கேயே தூங்கிவிட்டால் விடியும்போது வேறு ஊரில் இருப்பீர்கள். ஏறியதும் ஓடிப்போய்க் குளியல் அட்டை வாங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு அட்டைக்கு 6 நிமிடத் தண்ணீர். சோப்புப் போடும்போது குழாயை நிறுத்தினால் கணக்கும் நிற்கும். எனக்கு ஒன்றரை நிமிடம் மிச்சம். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

அமெரிக்காவில் தடங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. சட்டப்படி பயணிகள் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனால் எதிரே வரும் சரக்கு வண்டி பக்கத் தடத்தில் அடங்காத நீளமென்றால் நாம்தான் ஒதுங்க வேண்டும். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலுள்ள எமரிவில் போகும் வண்டிக்கு அட்டவணைப்படியே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். இறங்கும் அன்றே விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

வியட்நாமில் ஹனோயிலிருந்து தெற்கே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே ஹாய் வான் மலையடியில் கடல் அந்தப் பக்கம்தான். ஆறு படுக்கை அறையில் மூன்றாம் அடுக்கு மலிவு, ஆனால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது.

சீனாவிலிருந்து மங்கோலியாவுக்குள் போகிறீர்களா? சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், மங்கோலியாவில் 1,520. நான் போன வண்டியைச் சீன எல்லை ஊரான எரென்ஹோட்டில் ஒரு கொட்டகைக்குள் கொண்டுபோய், எங்களை உள்ளே வைத்தபடியே பெட்டிகளைத் தூக்கி, அடியில் சக்கரத் தொகுதியை மாற்றினார்கள். வேடிக்கை பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் அது முடியும்வரை, மணிக்கணக்கில், கழிப்பறைக்குப் பூட்டு. அதனால் எல்லை வருவதற்கு வெகுமுன்பே தேநீரை நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தினேன். தங்கை நிறுத்தவில்லை.