மீத்தரவுத் தரநிலைக்கு ஆவணம் வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரினப் பதிவுகளில் எந்த நெடுவரிசைக்கு என்ன பெயர், என்ன பொருள் என்று வரையறுக்கும் மீத்தரவுத் தரநிலையான டார்வின் கோரை ஒட்டி, தங்கள் களத்துக்கென்று கூடுதல் சொற்களை, அதாவது நெடுவரிசைப் பெயர்களை, வரையறுத்து இணையத்தில் வெளியிடும் இளைஞர் குழுக்கள் சிலவற்றுக்கு அண்மையில் உதவி வருகிறேன். நான் சில ஆண்டுகளுக்கு முன் செய்த பிழைகளை அவர்கள் அதே வரிசையில் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட உரிமக் குறிப்பு போன்றவற்றை யாரும் சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

சொல்லின் முகவரியை மென்பொருளிடம் விட்டுவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. எம்கேடாக்ஸ் போன்ற, ஆவணங்களை இணையப் பக்கங்களாக மாற்றும் கருவிகள் ஒவ்வொரு தலைப்பின் எழுத்துகளிலிருந்தும் அதற்கான உள்முகவரியை, அதாவது ஹேஷ் குறிக்குப் பின் வரும் துண்டை, தாமே உருவாக்கிக்கொள்கின்றன. ஆங்கிலத் தலைப்பென்றால் அந்தத் துண்டு படிக்கும்படி இருக்கும். தமிழ்த் தலைப்பென்றால், இயல்பான அமைப்பில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் நீக்கப்பட்டு, கீழ்க்கோடும் வரிசை எண்ணும் மட்டுமே எஞ்சும். களப்பணியாளர்களுக்காக நாங்கள் தயாரித்த தமிழ்ப் பக்கத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அத்தனைக்கும் இப்படி எண்களே முகவரியாயின. பக்கம் அழகாகத் தெரிந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வெளியீட்டில், பட்டியலின் நடுவே ஒரு புதிய சொல்லைச் சேர்த்தோம். அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு எண்ணும் ஒன்றால் உயர்ந்தது. அதுவரை 17 என்ற எண்ணில் இருந்தது 'அதிகபட்ச ஆழம்'. இப்போது அதே எண்ணில் 'குறைந்தபட்ச ஆழம்' வந்து உட்கார்ந்தது. இணைப்பு அறுந்திருந்தால் ஒரே நாளில் புகார் வந்திருக்கும். அறுபடாமல் வேறொரு வரையறையைக் காட்டியதும், இரண்டுமே மீட்டரில் அளக்கப்படுபவை என்பதால் படித்தவருக்கு ஐயம் எழாததும்தான் வினையாயிற்று. மாணவர் ஒருவர் தம் அட்டவணையில் இரு நெடுவரிசைகளையும் இடம் மாற்றி நிரப்பி அனுப்பிய பிறகே எங்களுக்கு விழிப்பு வந்தது.

திருத்தவும் வழியில்லை. ஹேஷ் குறிக்குப் பின்னுள்ள பகுதியை உலாவி சேவையகத்துக்கு அனுப்புவதே இல்லை. எனவே அங்கே திசைமாற்ற விதி எழுதிப் பயனில்லை. பக்கத்திலேயே நிரல் எழுதினாலும், வரும் 17 பழைய வெளியீட்டின் 17-ஆ, புதியதன் 17-ஆ என்று அதற்குத் தெரியாது. பழைய இணைப்புகளோடு வெளியே போய்விட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினோம். சிலர் பதிலே போடவில்லை.

டார்வின் கோரில் ஒவ்வொரு சொல்லுக்கும், அதன் ஆங்கிலப் பெயரையே இறுதியில் கொண்ட, ஹேஷ் இல்லாத தனி முகவரி உண்டு. காட்சிக்கான தலைப்பு எந்த மொழியில் இருந்தாலும், மாறினாலும், அந்த முகவரி மாறாது. நீங்களும் சொற்பட்டியலை ஒரே அட்டவணைக் கோப்பில் வைத்து, அடையாளப் பெயருக்கென்று ஒரு நெடுவரிசை ஒதுக்கி, பக்கங்களை அதிலிருந்தே உருவாக்குங்கள். ஒவ்வொரு முறை தளத்தைக் கட்டும்போதும், சென்ற வெளியீட்டின் முகவரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் பணி நின்றுவிடும்படி செய்யுங்கள். இணைப்புச் சோதனைக் கருவியை மட்டும் நம்பாதீர்கள்; முகவரி உயிரோடிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், போய்ச் சேரும் இடம் சரிதானா என்று பார்க்காது.

விதியையும் விளக்கத்தையும் கலப்பது

வரையறை கட்டுப்படுத்துவது, குறிப்பும் எடுத்துக்காட்டும் உதவிக்கு மட்டுமே. எது எந்த வகை என்று ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.

எடுத்துக்காட்டுகளைச் சோதிக்காமல் விடுவது

பயனர்கள் வரையறையைப் படிப்பதைவிட எடுத்துக்காட்டை நகலெடுப்பதே அதிகம். இருப்பிடத்தின் துல்லியமின்மையை மீட்டரில் குறிக்கும் சொல்லுக்குச் சுழியம் செல்லாது, தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும் என்று டார்வின் கோர் தெளிவாகச் சொல்கிறது. எங்கள் மாதிரிக் கோப்பிலோ சுழியம் இருந்தது. எங்களுக்கு வந்த கோப்புகளிலும் அதுவே இருந்தது.

பி.டி.எஃப். மட்டும் வெளியிடுவது

வேண்டாம்.

கைவிட்ட சொல்லின் பக்கத்தை அழிப்பது

பழைய தரவு அந்தச் சொல்லை இன்னும் சுமந்துகொண்டிருக்கும். பக்கத்தை அப்படியே வைத்து, 'கைவிடப்பட்டது' என்ற குறிப்பையும், கைவிட்ட தேதியையும், மாற்றாகப் பயன்படுத்த வேண்டிய சொல்லின் இணைப்பையும் மேலே சேருங்கள். நாங்கள் அழித்த இரண்டு பக்கங்களைப் பின்னர் காப்புப் பிரதியிலிருந்து மீட்டு, அதே முகவரிகளில் மறுபடி ஏற்றினோம்.